சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கூரை செத்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் இரண்டு வரிசையாக 12 சோலார் பேனல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பேனலின் முதுகிலும் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி, கீழே மீட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். "ஆபத்து என்றால் இதை அழுத்துங்கள், கூரையில் மின்சாரமே இருக்காது" என்று பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கோடையில் மேல் வரிசையில் மூன்று பேனல்கள் மட்டும் நடுப்பகலில் நின்றுபோய், வெயில் தாழ்ந்ததும் திரும்ப வேலை செய்கின்றன. சென்ற மாதம் புயல் எச்சரிக்கை வந்தபோது பொத்தானை அழுத்திவிடலாம் என்றார் என் அண்ணன். அடிக்கடி அழுத்தினால் கெட்டுப்போகும் என்றார் கணவர். இருவரும் பேசி முடிப்பதற்குள் புயலே கடந்துவிட்டது. மறுநாள் காலை இன்வெர்ட்டர் 'காப்புத்தடை குறைவு' என்று காட்டியது. பத்து மணிவாக்கில் தானாகச் சரியானது. எங்களிடம் பேட்டரியும் உண்டு. மழை படாமல் இருக்கப் பொத்தானை ஒரு நெகிழிப் பையால் கட்டி வைத்திருக்கிறோம். யார் சொல்வது சரி? மோசமான வானிலையில் இந்தச் சாதனத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அழுத்தலாம் என்று அண்ணன் சொன்னது சரி. கெட்டுப்போகும் என்ற கணவரின் பயம் தேவையற்றது. கூரையில் மின்சாரமே இருக்காது என்று சொன்னவர்தான் தவறு. மூவரில் ஆபத்தான பேச்சும் அவருடையதுதான், ஏனென்றால் அதை நம்பி ஒருவர் கூரையில் ஏறுவார்.

பேனல் என்பது வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் பொருள். அதற்கு அணைக்கும் விசை கிடையாது. பன்னிரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால், ஒவ்வொன்றின் 40, 50 வோல்ட்டும் கூடி 500 வோல்ட்டைத் தாண்டிய டி.சி. மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், கூரையிலிருந்து கீழே வரை ஓடும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கம்பியில் மின்னழுத்தம் நிற்கும். எரிகிற வீட்டின் கூரையை வெட்டித் திறக்க ஏறும் தீயணைப்பு வீரருக்கு இது எமன். அவருக்காகப் பிறந்ததுதான் 'விரைவு நிறுத்தம்' (rapid shutdown) என்ற ஏற்பாடு; உங்கள் கறுப்புப் பெட்டி அதற்கானதுதான். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் 690.12 என்ற பிரிவாக இந்த ஏற்பாடு 2014இல் நுழைந்தது. 2017 பதிப்பு அதை இறுக்கி, நிறுத்தம் தொடங்கிய 30 வினாடிக்குள் பேனல் பரப்புக்கு வெளியே உள்ள கம்பிகளில் 30 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. பரப்புக்கு உள்ளே அது அனுமதிக்கும் வழிகளில் ஒன்று 80 வோல்ட் வரம்பு. விதியே 80 என்கிறது, பூஜ்யம் என்று எங்கும் சொல்லவில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. கீழே உள்ள ஒரு அனுப்பி, அதே டி.சி. கம்பி வழியாக "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒரு சைகையை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அது கேட்கும்வரை கறுப்புப் பெட்டிகள் பேனலின் மின்சாரத்தைப் போக விடும். பொத்தானை அழுத்தினால் அனுப்பி வாயை மூடும். பெட்டிகள் ஒவ்வொன்றும் தன் பேனலைத் துண்டித்துக்கொள்ளும். கம்பி அறுந்தாலும், அனுப்பிக்கு மின்சாரம் போனாலும் இதே கதைதான். ஆக, 'நிறுத்து' என்று கட்டளை போவதில்லை. 'ஓடு' என்ற சொல் நின்றுபோவதே கட்டளை. நல்ல யோசனை, எனக்குப் பிடித்தமானது.

ஆனால் பெட்டி துண்டிப்பது தனக்கு அப்பால் இன்வெர்ட்டரை நோக்கிப் போகும் கம்பியை மட்டும். பேனலின் இணைப்புப் பெட்டியிலிருந்து கறுப்புப் பெட்டி வரை வரும் அந்த முழ நீளக் கம்பியில் பேனலின் முழு மின்னழுத்தமும் பகல் முழுக்க நிற்கிறது. கண்ணாடி உடைந்த பேனலின் உள்ளேயும் அப்படியே. நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், காய்ந்த நாளில் உறைக்காத மின்னழுத்தம் மழை நாளில் கடிக்கும். அதனால் பொத்தானை அழுத்திவிட்டோம் என்ற தைரியத்தில் மழையில் கூரை ஏறுவது கூடவே கூடாது.

இனி அந்த மூன்று பேனல்கள். மேல் வரிசை, நடுப்பகல், வெயில் தாழ்ந்ததும் சரியாகிறது என்று நீங்களே பாதி நோயைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். சாய்ந்த கூரையில் பேனல்களுக்கும் கூரைக்கும் இடையில் சூடேறும் காற்று மேல்நோக்கி நகர்ந்து மேல் வரிசையில் தேங்கும். கடுங்கோடையில் பேனலின் முதுகு 70 பாகை செல்சியஸைத் தொடுவது அதிசயமல்ல. இத்தகைய பெட்டிகள் பலவற்றின் மேல் வரம்பு 70 அல்லது 75. சில 85 வரை தாங்கும். பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் அது இருக்கும். பெட்டியின் உள்ளே ஓடும் மின்சாரமும் கொஞ்சம் சூட்டைக் கூட்டுகிறது. வரம்பைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளப் பெட்டி நின்றுவிடுகிறது, சூடு தணிந்ததும் எழுகிறது.

ஆனாலும் உடனே வெயில்மேல் பழி போட மாட்டேன். கம்பிகளைக் கோக்கும் கனெக்டர் சரியாகப் பொருந்தாவிட்டால் அதுவும் சூட்டில் விரிந்து தொடர்பை விடும், குளிர்ந்ததும் பிடிக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வரும்போது, தகராறு செய்யும் பெட்டி ஒன்றைக் கீழ் வரிசையில் ஒழுங்காக ஓடும் பெட்டியோடு இடம் மாற்றச் சொல்லுங்கள். கோளாறு பெட்டியோடு கூடவே கீழே இறங்கினால் பெட்டி கெட்டது. மேலேயே தங்கிவிட்டால் இடம் கெட்டது, அதாவது சூடு, அல்லது அந்தப் பேனலும் அதன் கனெக்டரும். இடம்தான் காரணம் என்றால் பெரும்பாலும் பெட்டி பேனலின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும், அல்லது கூரைத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேனலின் உலோகச் சட்டத்தின் விளிம்பில், காற்று சுற்றிவர இடைவெளி விட்டு மாட்டினாலே பல நேரம் தீர்ந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மின்னணுப் பொருள்களில் உள்ள மின்பகுபொருள் மின்தேக்கிகளின் (கெபாசிட்டர்) ஆயுள், ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. இன்று நடுப்பகலில் தூங்கும் பெட்டி நாலைந்து கோடையில் எழாமலே போகலாம்.

குளிர வைக்கிறேன் என்று கொதிக்கும் பேனல்மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். சூடான கண்ணாடிக்கு அது அதிர்ச்சி, கனெக்டர்களுக்குக் கேடு.

அடுத்து புயலுக்கு மறுநாள் காலையில் வந்த பிழை. இன்வெர்ட்டர் தினமும் ஓடத் தொடங்குமுன், டி.சி. கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். எங்கோ ஈரம் புகுந்திருந்தால் "காப்புத்தடை குறைவு" என்று சொல்லி ஓட மறுக்கும். பத்து மணி வெயிலில் ஈரம் காய்ந்தது, பிழை மறைந்தது. தானாகச் சரியாயிற்று என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரியாகவில்லை, காய்ந்திருக்கிறது. அடுத்த மழையில் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துரு சேர்த்துக்கொண்டு.

எங்கே தேடுவது? முதலில் கனெக்டர்களில். ஒவ்வொரு கறுப்புப் பெட்டியும் தொடரில் கூடுதல் இணைப்புகளைக் கொண்டுவருகிறது; பன்னிரண்டு பெட்டிக்கு இருபதுக்கும் மேற்பட்ட புதிய வாய்கள். வானிலை பெட்டியைக் கொல்வது அரிது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை கனெக்டரில்தான் இருந்தன. ஒருமுறை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கனெக்டர்களைக் கோத்திருந்தார்கள். 'டிக்' என்று பூட்டியிருந்தது. கழற்றியபோது உள்ளே முள் பச்சையாகப் பூத்திருந்தது. ரப்பர் வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தது, மறுபக்கம் எதையும் தொட்டதே இல்லை. அந்த நூலிழை இடைவெளி போதும் தண்ணீருக்கு. ஆண், பெண் இரு முனையும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கனெக்டரின்மேல் பொறித்திருக்கும் ஐ.பி. 67, 68 என்ற நீர்காப்புத் தகுதி ஒழுங்காகக் கோத்து இறுக்கிய இணைக்கு மட்டுமே பொருந்தும். கம்பி கூரையில் படுத்துக் கிடந்தால் அதன்மேல் தண்ணீர் நிற்கும். கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டினால் சொட்டிப் போகும்.

இதில் ஆஸ்திரேலியாவின் கதை ஒன்று படிப்பினை. கூரையில் பேனல்களுக்குப் பக்கத்திலேயே ஒரு டி.சி. ஐசொலேட்டர் (கம்பியைக் கையால் துண்டிக்கும் விசை) வேண்டும் என்று அங்கே 2012இல் தரவிதி கட்டாயமாக்கியது, பாதுகாப்புக்காகத்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்த அந்தப் பெட்டிகளில் தண்ணீர் புகுந்து அவையே தீப்பிடிக்கத் தொடங்கின. 2021இல் வந்த திருத்தப் பதிப்பு அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. ஏ.சி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவருவதால் அதன் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, பிடித்த பொறி கம்பி உருகும்வரை நின்று எரியும். உங்கள் கூரையில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் கம்பிகள் அடியிலிருந்து நுழைகின்றனவா என்று பாருங்கள். மேலிருந்து நுழைந்தால் அது மழைநீருக்குப் புனல்.

இப்போது அண்ணனும் கணவரும் வாதிட்ட விஷயம். கடும் புயல் வருவது உறுதி என்றால், காற்று எழுவதற்கு முன்பே அழுத்திவிடுங்கள். காற்றில் பேனல் பெயர்ந்து கம்பி அறுந்தால், 500 வோல்ட் ஓடும் கம்பி அறுவதற்கும் செத்த கம்பி அறுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தீ. இழப்பது ஓரிரு நாள் உற்பத்தி, அதுவும் மேகம் மூடிய நாளின் உற்பத்தி. பொத்தான், பிறகு ஏ.சி. பிரேக்கர், பிறகு இன்வெர்ட்டரின் டி.சி. ஐசொலேட்டர் என்ற வரிசையில் அணையுங்கள். இன்வெர்ட்டர் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டின்படி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டி.சி. ஐசொலேட்டரை முதலில் திருப்பினால் அதன் முனைகள் பொறியைச் சுமக்க வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான் இந்த வரிசை. அழுத்தியதால் பேனல் பறக்காமல் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேனலைப் பிடித்திருப்பவை கிளாம்ப்பும் போல்ட்டும். கோடைமழைக்கெல்லாம் அழுத்த வேண்டியதில்லை.

கணவருக்கு ஒரு வார்த்தை. கறுப்புப் பெட்டிக்குள் துண்டிப்பது குறைகடத்தி, தேயும் உலோக முனை அல்ல. எப்போதாவது அழுத்துவதால் அது கெடாது. கையால் திருப்பும் ஐசொலேட்டர்களோ திருப்பாமல் விட்டால்தான் முனைகளில் களிம்பேறிக் கெடும்.

இடி இடிக்கத் தொடங்கியபின் பொத்தானைத் தேடி வெளியே ஓடாதீர்கள். மின்னலுக்கு இது மருந்தல்ல. பெட்டி துண்டித்து நின்றாலும் பக்கத்தில் விழும் மின்னல் கம்பிகளில் தூண்டும் மின்னழுத்தம் அதையே எரித்துவிடும். அதற்கு டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும் மின்னெழுச்சித் தடுப்பான்கள் (சர்ஜ் புரொடக்டர்) வேண்டும், பேனல்களின் உலோகச் சட்டங்களுக்கு ஒழுங்கான எர்த் வேண்டும். இரண்டும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

பேட்டரி இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பேட்டரி இல்லாத வீட்டில் மெயினை அணைத்தாலோ, வெளி மின்சாரம் போனாலோ அனுப்பியும் நின்று, பெட்டிகள் தாமாகத் துண்டித்துக்கொள்வது வழக்கம். பேட்டரி உள்ள வீட்டில் வெளி மின்சாரம் போன நொடியே இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்துத் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். அனுப்பிக்கும் மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். புயலில் தெரு முழுக்க இருட்டு, உங்கள் கூரையில் மட்டும் முழு வோல்ட். மெயினை அணைத்துவிட்டோமே என்று நிற்பவர் ஏமாந்துபோவார். ஆகவே உங்கள் வீட்டில் அந்தச் சிவப்புப் பொத்தான் ஒன்றே வழி. அது பேட்டரி வழி ஓடும் நிலையிலும் அனுப்பியை நிறுத்துகிறதா என்று சோதித்துத்தான் நம்ப வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரத்தை எந்தப் பொத்தானும் இல்லாமல் ஆக்காது என்பதும் நினைவிருக்கட்டும். வெள்ளம் இன்வெர்ட்டரையோ பேட்டரியையோ தொட்டுவிட்டால், அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் ஆளை வரவழையுங்கள்.

புயல் ஓய்ந்தபின் திரும்ப இயக்க அவசரப்படாதீர்கள். தரையில் நின்றபடி பாருங்கள்: தொங்கும் கம்பி, நகர்ந்த பேனல், விரிசல் விட்ட கண்ணாடி. ஆலங்கட்டி விழுந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பேனல்களுக்கான சர்வதேசத் தரச் சோதனை வழக்கமாக 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை வினாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எய்து பார்க்கிறது. அதைவிடப் பெரியது விழுந்திருந்தால் முழுதாகத் தெரியும் கண்ணாடிக்குள்ளும் செல்கள் நொறுங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் அணைந்தபடியே இருக்கட்டும்.

உறைகுளிர் உங்கள் பிரச்சினை அல்ல என்றாலும், பனி விழும் ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு பத்தி. பேனல் குளிரக் குளிர அதன் மின்னழுத்தம் கூடும். 25 பாகையில் 48 வோல்ட் தரும் பேனல், பாகைக்கு 0.27 விழுக்காடு என்ற கணக்கில், உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் 53 வோல்ட்டைத் தாண்டும். பன்னிரண்டு சேர்ந்தால் 576 என்பது 638 ஆகிவிடும். இன்வெர்ட்டரின் வரம்பு 600 என்றால் வந்தது வினை. பனிப்புயலுக்குப் பிறகு பளிச்சென்று விடியும் காலையில், பனி சரிந்து விழுந்த பேனல்களைத் திரும்ப இயக்கும் அந்தக் கணத்தில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். இயக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சரியும் பனி கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் கம்பி தொங்கக் கூடாது.

கடைசியாகச் சோதனை. இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கறுப்புப் பெட்டி இரண்டு விதமாகக் கெடும். துண்டித்த நிலையில் கெட்டால் உற்பத்தி குறையும், உங்கள் மூன்று பேனல்களைப் போல உடனே கண்ணில் படும். துண்டிக்க மறுக்கும் நிலையில் கெட்டால் எதுவும் குறையாது, எந்தப் பிழையும் வராது, மின்சாரம் ஜோராக ஓடும். ஆபத்து நாளில் அழுத்தும்போதுதான் தெரியும், அல்லது அப்போதும் தெரியாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறையாவது, முக்கியமாகப் புயல் பருவத்துக்கு முன், வெயிலடிக்கும் அமைதியான ஒரு நாளில் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

பொத்தானை அழுத்திச் சில நிமிடம் பொறுத்து, இன்வெர்ட்டரின் டி.சி. முனையில் அந்த மின்னழுத்தத்துக்குத் தகுதியுள்ள மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். துண்டித்த நிலையில் பல பெட்டிகள் அடையாளத்துக்காக ஒரு வோல்ட் அளவுக்கு விட்டுவைக்கும். உங்கள் பெட்டியின் கணக்கு கையேட்டில் இருக்கும். ஒன்று என்றால், பன்னிரண்டு பேனலுக்கு 12 வோல்ட் வர வேண்டும். மீட்டரில் 12 வந்தால் நல்லது. ஐம்பதைத் தாண்டி வந்தால் ஒரு பெட்டி கதவை மூடவில்லை. நூற்றை ஒட்டி வந்தால் இரண்டு. ஐந்நூறு என்று வந்தால் பெட்டிகளைத் தாண்டி நேரே கம்பி போட்டிருக்கிறார்கள், அல்லது பொத்தான் அனுப்பியோடு இணைக்கப்படவே இல்லை. பின்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: சுவரில் அழகான சிவப்புப் பொத்தான், அதன் பின்னால் இரண்டு கம்பிகள், இரண்டும் எங்கும் போகவில்லை. அந்த வீட்டார் மூன்று மழைக்காலம் அதை நம்பிக் கழித்திருந்தார்கள். உங்கள் வீட்டில் இதே அளவை இரண்டாம் முறை, வெளி மின்சாரத்தைத் துண்டித்துப் பேட்டரியில் ஓடும்போதும் எடுக்கச் சொல்லுங்கள்.

வந்த எண்ணைத் தேதியோடு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு வருபவருக்கு அது உதவும். அப்படியே அந்த மூன்று பெட்டிகளையும், காலையில் கசிந்த கனெக்டரையும் ஒரே வருகையில் முடித்துவிடலாம். கசிவைத் தேடுபவர் காய்ந்த மதியத்தில் வந்து "ஒன்றுமில்லையே" என்றால் விடாதீர்கள். மழை ஓய்ந்த மறுநாள் காலையில் வரச் சொல்லுங்கள்.

அந்த நெகிழிப் பையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். வெளியே பொருத்துவதற்கான பொத்தான் மழையைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. தாங்காதது என்றால் பொத்தானை மாற்ற வேண்டும், பையால் மூடக் கூடாது. பகல் சூட்டில் பைக்குள் வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவில் பொத்தானுக்குள்ளேயே இறங்கும். இருட்டில், காற்றில், நடுங்கும் விரல்களோடு முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்று கட்டிய ஆளையே ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கச் சொல்லிப் பாருங்கள்.